ஃபேடரை இறக்கும் கை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய ஐயாவின் குரல் கணீரென்று இருந்தது. நான் எழுந்து வந்ததும், மிக்ஸர் பக்கத்தில் நிற்கிற தம்பி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைக் கொஞ்சம் கீழே இழுத்தார். பார்த்துவிட்டேன், தம்பி. கோபமில்லை. இருபது வருடமாகச் சமூக மன்றங்களிலும் கல்யாண மேடைகளிலும் அதே இடத்தில் நின்று நானும் இதைத்தான் செய்திருக்கிறேன். ஒரு பெண் மைக்கைத் தொட்டதும் கை தானாக அங்கே போய்விடும்.

ஏன் போகிறது? பாதிக் காரணம் காதில் இருக்கிறது. நம் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை கூர்மை அதிகம். தொண்டையைத் திறந்து பாடுகிற குரலின் பளபளப்பு அங்கேதான் விழும். மீட்டர் ஒரே அளவைக் காட்டும், காதில் மட்டும் குத்தும். உடனே, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில் 3,000 பக்கம் ஒரு வெட்டு வெட்டுவோம். குத்தல் போகும், கூடவே சொல்லும் போகும். 'த'வும் 'ட'வும் மழுங்கி, பஞ்சில் சுற்றின மாதிரி வரும். அப்புறம், "அந்தப் பொண்ணு பாடினது ஒண்ணும் புரியல" என்று நாமே சொல்வோம்.

மீதிப் பாதிக்குக் காதைக் குற்றம் சொல்ல முடியாது. நாகஸ்வரமும் அதே இடத்தில்தான் குத்துகிறது. அதை வெட்டச் சொல்லி இதுவரை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் என்னிடம் வந்ததில்லை.

1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது மைக் கிடையாது. ஒலியைப் பிடிக்கிற கூம்புக்கு முன்னால் நின்று உரத்துப் பாடினால்தான் தட்டில் பதியும். பாட்டு முடிந்ததும் தன் பெயரையும் உரக்கச் சொல்லி முடிப்பார். நாடக மேடையில் கே.பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியை நம்பி வளர்ந்தவரல்ல. 1925-க்குப் பிறகு மின்சார ஒலிப்பதிவு வந்தது, மெல்லப் பாடவும் வழி பிறந்தது. பின்னாளில் சினிமா அந்த மென்மையை நாயகிக்குக் கொடுத்தது. எல்.ஆர். ஈஸ்வரியின் எடுப்பான குரலுக்குப் பெரும்பாலும் கிளப் பாட்டுதான். கோயிலோ அதே தொண்டையை அம்மனுக்குக் கொடுத்தது. ஆடி வெள்ளியில் நம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்து பாருங்கள். அந்தக் குரலைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இன்றைக்குக் கதை தலைகீழ். பாட்டில் சத்தம் கூடிவிட்டது, பாடுகிறவள் சத்தம் போடுவதில்லை. கம்ப்ரெஸர் என்கிற கருவி உரத்ததை அமுக்கும். அப்புறம் மொத்தத்தையும் ஏற்றினால் மெல்லியது மேலே வந்துவிடும். கிசுகிசுப்பும் கூப்பாடும் ஒரே உயரம். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெரும்பகுதி அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. காதோரம் மூச்சு விடுகிற மாதிரி பாடுவார், அடியில் பேஸ் அதிரும். எனக்குப் பிடிக்கும். அந்தக் கிசுகிசுப்பில் ஒரு மிரட்டல் இருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் காஷ், கிரிஸ்ஸி இருவரும் 2010-இல் எந்திரன் பாட்டில் ராப் செய்தார்களே, அது வேறு வழி: சொல்லாலேயே தாளத்தை வெட்டுவது.

என் கவலை மேடையில்தான். போன வருடம் ஒரு பிள்ளை ஒலிச்சோதனைக்கு வந்தாள். பதினாறு வயதிருக்கும். போனில் அவள் பாடியதைக் கேட்டால் தேன். மேடையில், டிரம்ஸுக்கு நடுவில், குரலே எழவில்லை. ஃபேடரை ஏற்றினேன், குரலுக்குப் பதில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. மைக்குக்குள் போகாததை மிக்ஸர் எங்கிருந்து கொண்டுவரும்?

"கொஞ்சம் சத்தமா பாடும்மா."

"பழக்கமில்லக்கா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்னு அம்மா விடமாட்டாங்க."

வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவர் நமக்குத் தெரியாததா? சரி என்றேன். கூட வந்த அண்ணன் கிட்டாரோடு நின்றான். இவன் எங்கே பயிற்சி செய்வான் என்று கேட்டேன்.

"வீட்லதான்கா. ஆம்ப்ளிஃபயர் வச்சு."

தம்பி, இப்போது என் மைக்கை மொத்தமாக அணைத்துவிடுங்கள். ஏசியையும், முடிந்தால். ஔவையாரின் 'வாக்குண்டாம்' வெண்பா, நாலு வரிதான். நான் பெரிய பாடகி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், இன்னும் உரக்கப் பாடுகிறேன்.