மண்புழுத் தொட்டி ஏன் நாறுகிறது?

(காட்சி: தொட்டியின் மூடி திறக்கிறது. உள்ளே காய்கறிக் கழிவு குவிந்து கிடக்கிறது.)

வணக்கம். காய்கறிக் கழிவை உரமாக்க மண்புழுத் தொட்டி வைத்த பலரும் கேட்பது, "நாற்றம் வருகிறதே, என்ன செய்வது?" என்றுதான். பெரும்பாலும் காரணம் ஒன்றே: தீனி அதிகம்.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. காய்கறித் தோலை அதனால் கடித்துத் தின்ன முடியாது. முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை மக்கவைக்க வேண்டும். அப்புறம்தான் புழு, இளகிப்போனதை அந்த நுண்ணுயிர்களோடு சேர்த்து விழுங்கும். குடலுக்கு முன்னால் உள்ள அரைவைப்பையில், கூடவே விழுங்கிய மணல் துகள்கள் அதை அரைக்கும். தொட்டியில் ஒரு பிடி மணலோ, நன்றாகப் பொடித்த முட்டை ஓடோ தூவுவது இதற்காகத்தான்.

சரி, ஒரு வாளிக் கழிவை ஒரேயடியாகக் கொட்டினால்? குவியல் சூடேறும். காற்றுப் புகாமல் அடியில் அழுகும். மண்புழு ஈரத் தோலின் வழியாகத்தான் சுவாசிக்கிறது. காற்றில்லாத சேற்றில் அதனால் இருக்க முடியாது.

(காட்சி: மூடியின் உட்புறம் கொத்தாக ஒட்டியிருக்கும் புழுக்கள்.)

இப்படி மேலேறி வந்தால் உடனே தீனியை நிறுத்துங்கள். அழுகியதை வெளியே எடுத்துவிட்டு, கிழித்த அட்டைப்பெட்டித் துண்டுகளைக் கலந்து கிளறிவிடுங்கள். புதிதாக வாங்கி வந்த புழுக்களும் முதல் ஓரிரு நாள் இப்படி அலையும். அதற்குப் பயப்பட வேண்டாம். வெளிச்சம் பட்டால் உள்ளே போய்விடும்.

1 கிலோ புழு ஒரு நாளில் அரைக் கிலோ வரை தின்னும் என்பார்கள். அது நன்றாக நிலைபெற்ற தொட்டியின் கணக்கு. ஆரம்பத்தில் அதில் கால்வாசி போதும். போட்டது காணாமல் போன பிறகு அடுத்தது. எண்ணெய், உப்பு, இறைச்சி வேண்டாம்.

ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. தொட்டி நிழலில் இருக்கட்டும். 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இவற்றுக்கு இதமான வெப்பம்.

(காட்சி: விரல் நுனியில் ஒரு கூடு, மிக அருகில்.)

இதைப் பாருங்கள். தீக்குச்சித் தலை அளவுதான், எலுமிச்சை வடிவம். இதுதான் முட்டைக்கூடு. முதலில் மஞ்சளாக இருக்கும். செம்பழுப்பாக மாறினால் குஞ்சு வெளிவரும் நேரம். ஒரு கூட்டிலிருந்தே இரண்டு மூன்று குஞ்சுகள் வரலாம், வெள்ளை நூல் போல. கூடுகள் கண்ணில் பட்டால் தொட்டி நலமாக இருக்கிறது என்று நம்பலாம்.

உரம் எடுக்க, சில வாரம் ஒரு பக்கம் மட்டும் தீனி வையுங்கள். புழுக்கள் அங்கே நகர்ந்துவிடும். மறுபக்கத்தை அள்ளிச் செடிகளுக்குப் போட்டுவிட்டு, காலியான இடத்தில் ஈர அட்டைத் துண்டுகளை நிரப்புங்கள்.