உங்கள் காவடிப் படம் சித்தி கண்ணில் ஏன் படவில்லை? ஒரே எழுத்து செய்த வேலை!

டர்பனிலிருந்து வணக்கம் மக்களே! தைப்பூசப் படங்களைக் கோயில் இணையதளத்தில் ஏற்றியாச்சு. மொரீஷியஸில் இருக்கும் சித்தி அதே தளத்தில் தேடுகிறார். ஒன்றும் வரவில்லை!

சிக்கல் மெட்டாடேட்டாவில்! அதாவது, படத்தோடு நாம் எழுதிவைக்கும் தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள். பாடம் அவ்வளவுதான், சுவையான இடத்துக்குப் போவோம்.

(திரையில்: கே, சி)

ஆங்கிலத்தில் காவடி எழுதும்போது நாம் இங்கே கே-யில் தொடங்கி ஒய்-யில் முடிப்போம். மொரீஷியஸில் சி-யில் தொடங்கி இரண்டு இ போடுவார்கள். அங்கே அரசு விடுமுறைப் பட்டியலிலேயே அப்படித்தான். "ஒலியை வைத்துக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காதா?" என்பீர்கள். அதற்கென்றே சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை, 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், உயிரெழுத்துகளைத் தூக்கிப் போடும், மெய்யெழுத்துகளுக்கு எண் தரும். வி-க்கு 1, டி-க்கு 3, மிச்ச இடத்துக்குப் பூஜ்யம். நம் காவடி கே130. சித்தியின் காவடி சி130. எண் அச்சு அசலாக ஒன்று, ஆனால் முதல் எழுத்து வேறாம், அதனால் ஆளும் வேறாம்! முருகனே சிபாரிசு செய்தாலும் நடக்காது.

ஆகவே இரண்டையும் நாமே எழுதிவிட வேண்டும். மதும்பி கறிக்கும் இதே கதை. சேப்பங்கிழங்கு, டாரோ என்று விளக்கத்தில் சேர்க்காவிட்டால் சென்னைக்காரர் அதை எப்படித் தேடுவார்?

எனக்கு ரொம்பப் பிடித்தது இது: இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009-இல் வெளியிட்ட ஸ்கோஸ் என்ற சொற்பட்டியல் தரத்தில் ஒரு பொருளுக்கு முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர், அப்புறம் மறைபெயர் என்று மூன்று வகை உண்டு. மறைபெயர் திரையில் தெரியாது, தேடும்போது மட்டும் வேலை செய்யும். எழுத்துப்பிழைகளைப் போட்டுவைக்க அருமையான இடம்! தப்பாக டைப் செய்பவரைத் திருத்தாமல் படத்தைக் காட்டிவிடும் மரியாதை, நம்மில் பல பேருக்கே கிடையாது.

சரி, கூகுளுக்கு இது பலிக்குமா? பக்கத்தின் நிரலுக்குள் குறிச்சொற்களை எழுதிவைக்கும் கீவேர்ட்ஸ் டேகைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது. அங்கே மாற்றுப் பெயர்கள் வாசகர் படிக்கும் வாக்கியத்துக்குள் வரட்டும். யூடியூபிலும் டேகுக்குப் பெரிய மதிப்பில்லை, அடிக்கடி பிழையாக எழுதப்படும் பெயர் என்றால் மட்டும் உதவும். கூட்டம் சேர்க்க ரஜினி பெயரைப் போடும் தம்பிகளே, அது விதிமீறல்.

நாயுடு, பிள்ளை, கவுண்டர்... உங்கள் வீட்டுப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்? கமெண்டில் கொட்டுங்கள், சப்ஸ்கிரைபையும் தட்டிவிடுங்கள்!