சபையில் வேலை பார்க்கிறவர்களுக்கு யார் போதகர்?

அன்பான நேயர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

போதகர்கள் தங்கள் சபைப் பணியாளர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் போதகர் இல்லை. ஒரு சபை அலுவலகத்தில் பல வருடங்கள் செயலராக இருந்தேன். அப்புறம் வெவ்வேறு சபைகளின் கணக்கு வழக்குகளையும் நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்த உதவி வருகிறேன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒருவர் தன் சொந்தச் சபையில் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தால், அவரும் அவர் வீட்டாரும் ரொம்பச் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அன்றைக்கே அவர் ஒன்றை இழக்கிறார். அதுவரை தன் போதகராக இருந்தவர் இனிமேல் தன் மேலதிகாரி. வீட்டில் ஒரு சண்டை, கழுத்தை நெரிக்கும் கடன், ஜெபிக்கவே மனம் வராத நாட்கள் என்று எதுவாக இருந்தாலும் முன்பு தயங்காமல் அவரிடம் போய்ச் சொல்லியிருப்பார். இப்போது சொல்ல முடியாது. சொன்னால், 'இந்த மனநிலையில் இவரால் வேலை பார்க்க முடியுமா' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். நூற்றுக்கணக்கான பேருக்கு மேய்ப்பராக இருக்கும் ஒருவரின் பக்கத்து அறையில், மேய்ப்பர் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆலயத்தைத் திறந்து பூட்டுகிற பணியாளரின் ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் பாருங்கள். எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து கதவைத் திறப்பார். பெருக்கி, நாற்காலிகளை வரிசைப்படுத்தி, மைக்கில் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பார். முதல் பாட்டு தொடங்கியதும் கடைசி வரிசையில் உட்காருவார். வேதபாடம் வாசிக்கும்போது ஒருவர் வந்து, வழியை அடைத்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்லும்படி காதில் சொல்வார். பிரசங்கத்தின் நடுவில் ஒலிபெருக்கி கரகரக்கும், எழுந்து ஓடுவார். ஆசீர்வாதம் கூறும் நேரத்தில் காணிக்கை எண்ணும் அறைக்குச் சாவி கேட்டு ஆள் வந்து நிற்பார். வருடம் முழுக்க ஒரு பிரசங்கத்தைக்கூட அவர் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும், 'ஆலயத்திலேயே இருக்கிறாரே, அவருக்கு என்ன குறை' என்றுதான் சபை நினைக்கும்.

இதற்குப் போதகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒவ்வொரு பணியாளரும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆராதிக்கும்படி வேலையை மாற்றிவிடலாம். அன்றைக்குச் சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும். மனம்விட்டுப் பேச வெளியிலிருந்து ஒரு மூத்த போதகரை அவர்களுக்கு ஏற்பாடு செய்யலாம். அங்கே பேசியது திரும்பி வராது என்ற உறுதியும் கொடுக்க வேண்டும். 'என் ஆட்கள் இன்னொருவரிடம் போய் ஆலோசனை கேட்பதா' என்று மனத்தாங்கல் கொள்ளாத போதகருக்குத்தான் இது முடியும்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். சபைகளில் இதைப் பேசவே கூச்சப்படுகிறோம். 'ஊழியம்தானே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி, பேசிய தொகையைக் குறைப்பதும், தேதி தள்ளிக் கொடுப்பதும் நடக்கிறது. வேதம் இந்த விஷயத்தில் கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். 'வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்' என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். காணிக்கை குறைந்த மாதத்தில் முதலில் எந்தச் செலவை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும், அந்தச் சபையின் மனம் தெரிந்துவிடும். கட்டட வேலையை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். செயலர் வீட்டு வாடகையைத் தள்ளிப்போட முடியாது. கமிட்டியில் இதை எடுத்துப் பேச அந்தப் பணியாளரால் முடியாது. அவருக்காகப் போதகர்தான் பேச வேண்டும். வேலை என்ன, நேரம் என்ன, விடுப்பு எத்தனை நாள், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருப்பதும் அவசியம்.

யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது லேசான விஷயம் இல்லை. 'என் காணிக்கையில் சம்பளம் வாங்குகிறவர்' என்ற நினைப்பு சபையில் பலருக்கும் உண்டு. கமிட்டி உறுப்பினர் ஒருவர் வந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த அறிக்கையை அச்சடி என்பார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி வேறொன்று கேட்பார். மூத்த உறுப்பினர் ஒருவர் போன மாதம் சொன்ன வேலை என்ன ஆனது என்று எல்லார் முன்னாலும் குரலை உயர்த்துவார். நடுவில் அந்தப் பணியாளர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. 'எது வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள், அவருடைய வேலையை நான்தான் பிரித்துக் கொடுக்கிறேன்' என்று போதகர் ஒரு தடவை சபையிலேயே அறிவித்துவிட்டால், அலுவலகத்தில் மூச்சு விட முடியும். புகார் வரும்போதும் அப்படித்தான். முதலில் பணியாளரைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்காமலே சபையாரிடம் 'நான் கண்டிக்கிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அதன்பின் எந்த விசாரணையும் ஒப்புக்குத்தான்.

பொறுப்பைப் பகிர்வதைப் பற்றிப் பேசும் எல்லாரும் மோசேயின் மாமனார் எத்திரோவிடம் போவார்கள். நானும் போகிறேன், ஆனால் பலர் தாண்டிப் போகிற ஒரு வரிக்காக. ஜனங்களின் வழக்குகளை எல்லாம் மோசே ஒருவரே உட்கார்ந்து விசாரிப்பதைப் பார்த்து, 'நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்' என்கிறார் எத்திரோ. எல்லாவற்றையும் தானே சுமக்கிற தலைவர் தன்னோடு சேர்த்து மற்றவர்களையும் களைக்க வைக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்து நின்றது ஜனங்கள்தானே! எத்திரோ சொன்ன ஏற்பாட்டில் ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்கள் உண்டு. சிறிய காரியங்களை அவர்களே தீர்த்துவிடுவார்கள். பெரியதுதான் மோசேயிடம் வரும். அதாவது வேலையோடு தீர்மானிக்கும் உரிமையும் கைமாறியது. நம் சபைகளில் வேலை கைமாறும், உரிமை மாறாது. பாடகர் குழுத் தலைவர் ஒரு வாரம் பயிற்சி கொடுத்துத் தயாரித்த பாட்டைச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு குறுஞ்செய்தியில் மாற்றிவிடுகிறோம். அவர் மறுபடி எல்லாருக்கும் போன் போட வேண்டும், செயலர் ஆராதனை முறையைத் திருத்தி மறுபடி அச்சடிக்க வேண்டும். இப்படி நாலு தடவை நடந்தால், அடுத்த தடவை அவர் எதையும் தானாகத் தயாரிக்க மாட்டார். 'ஐயா சொல்லட்டும்' என்று காத்திருப்பார். அப்புறம் நாமே, 'இவருக்குச் சுயமாக யோசிக்கத் தெரியவில்லை' என்று குறைப்படுவோம்.

கலந்து பேசும் கூட்டங்களுக்கு ஒரு நல்ல பழைய முன்மாதிரி உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் மடங்களுக்கு எழுதிய ஒழுங்குவிதியின் 3-ஆம் அதிகாரம், முக்கியமான காரியம் எதுவானாலும் மடாதிபதி எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கச் சொல்கிறது. ஆண்டவர் பலமுறை இளையவருக்கே நல்லதைக் காட்டுகிறார் என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம். கேட்ட பிறகு தீர்மானிக்கும் பொறுப்பு மடாதிபதியுடையது. வாராந்தரக் கூட்டத்தில் ஆலயப் பணியாளரையும் உட்காரவைத்து, அவரை முதலில் பேசச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்பதோடு, எந்த முதியவர் மூன்று வாரமாக வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஓய்வு விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு வேலை நாளாக இருப்பவருக்கு வேறொரு நாள் முழுதாக விடுமுறை வேண்டும். அன்றைக்கு அவருடைய போன் அடிக்கக் கூடாது. சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். அவர் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். அடுத்த வேலை பற்றிய பேச்சு பிற்பாடுதான் வந்தது.

கடைசியாக, மனதுக்குக் கஷ்டமான ஒன்று. பணியாளரிடம் குறை கண்டால் பல போதகர்கள் அவரை நேரில் கூப்பிட்டுப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஜாடையாகக் குத்திவிடுவார்கள். சபையில் பாதிப் பேருக்கு அது யாரைப் பற்றி என்று புரிந்துவிடும். உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரால் எழுந்து பதில் சொல்ல முடியாது. அவர் பிள்ளைகளும் பக்கத்திலேயே இருப்பார்கள். இதைவிடக் கொடிய அவமானத்தை நான் சபைகளில் பார்த்ததில்லை. 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' என்று மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்னது பணியாளருக்கும் பொருந்தும். கதவைச் சாத்திக்கொண்டு, நடந்தது இன்னது, மாற வேண்டியது இன்னது, அதற்கு இத்தனை காலம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் சரிவராமல் அவரை அனுப்பத்தான் வேண்டும் என்றால், சேர வேண்டிய பணத்தைக் கடைசி நாளிலேயே கொடுத்துவிடுங்கள். உண்மையாக எழுதின சான்றிதழும் கையில் கொடுங்கள். முக்கியமாக, அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். வேலைதான் முடிந்தது, அவர் இன்னும் உங்கள் சபையார்.

நன்றி, வணக்கம்.