பட்டுக்கூட்டை அவித்தேன், பசை கழன்றது!

வணக்கம் மக்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் அக்கா. தம்பி மோட்டாரில் விழுந்து காலில் பிளேட் வைத்தது உங்களுக்குத் தெரியும். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் பிளேட் உறுத்துகிறது, அதைக் கழற்ற இன்னொரு ஆபரேஷனாம்! ஆறிய காலைத் திரும்பவும் கிழிக்க வேண்டும். அந்த எரிச்சலில் தேட உட்கார்ந்தேன், கண்ணில் பட்டது பட்டு.

2014-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் காப்லான் குழு, பட்டுப் புரதத்தை அச்சில் ஊற்றி, கட்டியாக்கி, கடைசல் பிடித்து, எலும்பைப் பிடித்துவைக்கும் ஸ்குரு செய்திருக்கிறது. எலிகளின் பின்னங்கால் எலும்பில் முடுக்கிப் பார்த்தார்கள், தாங்கியது. நாளாக ஆக உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும். கழற்றும் பேச்சே இல்லை! எலியில் செய்த ஆய்வுதான், தம்பிக்கு இப்போது உதவாது. இருந்தாலும் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பட்டிழையில் இரண்டு புரதம். உள்ளே ஃபைப்ராயின், அதுதான் பலம். மேலே செரிசின் என்ற பசை. பழைய பட்டுத் தையல் நூல் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதற்கு இந்தப் பசைமேல்தான் பழி. அதனால் முதல் வேலை பசையை எடுப்பது. சலவைச் சோடா கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும்.

இந்த முதல் வேலையை மட்டும் வீட்டில் செய்து பார்க்க நினைத்தேன். இங்கேதான் வந்தது வினை. முகம் தேய்க்க விற்கும் பட்டுக்கூடு 18 வெள்ளி (ரிங்கிட்), தபாலுக்கு மேலே 8 வெள்ளி. கூட்டுக்குக் கொடுக்கலாம், தபாலுக்கு எட்டா? அதையும் கொடுத்தேன். சலவைச் சோடா மட்டும் டவுனில் எந்தக் கடையிலும் இல்லை. போகிற இடமெல்லாம் ஆப்பச் சோடாவையே நீட்டுகிறார்கள். சரி, ஆப்பச் சோடாவைச் சுடவைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் போய்ச் சலவைச் சோடாதானே மிஞ்சும்? வெறும் வாணலியில் போட்டுக் கிளறினேன். பொடி தண்ணீர் மாதிரி தளதளவென்று கொதித்தது மக்களே! அடங்கிய பிறகு மினுமினுப்புப் போய் மங்கலான மாவு. அந்தக் காட்சியை வீடியோவில் வெட்டாமல் முழுசாகப் போட்டிருக்கிறேன், தள்ளிவிடாமல் பாருங்கள்.

அட, சொல்ல விட்டுவிட்டேன். கூடுகள் வெட்டி, புழு எடுத்தவை. அளவு, 2 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கூடு, 4 கிராம் சொச்சம் சோடா. கொதிக்கவைத்தது வீட்டு நீலச் சட்டியில்தான், இனி அது சமையலுக்கு இல்லை.

மொடமொடவென்று இருந்த கூடு பஞ்சாகப் பிரிந்தது. தண்ணீர் கையில் வழவழத்தது. அலசிக் காயவைத்து நகைத் தராசில் வைத்தால் 3.7 கிராம்! பசை கால்பங்குக்கு மேல் இருக்கும் என்று படித்திருந்தேன், அப்படியே வந்தது.

அடுத்து, பசை போன இழையை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் கரைக்க வேண்டும். அது ஆய்வுக்கூட வேலை, வீட்டில் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் பட்டு ஆய்வு செய்கிறவர்கள் யாராவது பார்த்தால் கமெண்டில் எழுதுங்கள். அனுமதி கிடைத்தால் கேமராவோடு வருகிறேன், தம்பியையும் கூட்டிக்கொண்டு.