பெட்டி மாட்டினால் மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். நம் ஊரில் சிட்டுக்குருவி அருகிவருகிறதே என்று கவலைப்பட்டு வீட்டு முகப்பில் மரப்பெட்டி மாட்டுகிறோம். அதே சிட்டுக்குருவிதான் அமெரிக்காவில் புளூபேர்டு எனும் நீலப்பறவைக்கு எமன். குற்றம் குருவியுடையதல்ல. 1850களில் அதை நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டது மனிதர்கள்தான். 1890இல் அதே நகரின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஸ்டார்லிங் எனும் ஐரோப்பியப் பறவைகளையும் பறக்கவிட்டார்கள்.

முதுகு நீலம், மார்பு செங்கல் நிறம். இந்த நீலப்பறவைக்கு மரத்தைத் துளைக்கத் தெரியாது. மரங்கொத்தி கைவிட்ட பொந்துதான் அதற்கு வீடு. பட்ட மரங்களை வெட்டினோம். மர வேலிக்கால்கள் போய் இரும்புக்கால்கள் வந்தன. மிஞ்சிய பொந்துகளை வந்தேறிப் பறவைகள் பிடித்துக்கொண்டன.

1934இல் இல்லினாய் மாநிலத்தின் குவின்சியில் மஸ்ஸல்மன் என்பவர் சாலையோரம் வரிசையாகப் பெட்டிகள் வைத்தார். 1978இல் லாரன்ஸ் செலனி இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அந்தப் பறவை மீண்டிருக்கிறது என்றால், அது பெட்டி வைத்த சாதாரண மக்களின் உழைப்பு.

வாசல் ஒன்றரை அங்குலம் இருந்தால் ஸ்டார்லிங் நுழையாது. சிட்டுக்குருவி நுழைந்துவிடும்! முட்டையைக் கொத்தி உடைக்கும்; உள்ளே அடைகாக்கும் தாயையே கொன்றும் போடும். அதனால்தான் வாரம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். முதலில் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள், தாய் வெளியேறட்டும். காய்ந்த புல்லை நேர்த்தியாகப் பின்னிய கிண்ணத்தில் வெளிர்நீல முட்டைகள் நான்கைந்து இருந்தால், ஓசையில்லாமல் மூடிவிடுங்கள். வைக்கோல், இறகு, காகிதத் துண்டு எல்லாம் கூரை வரை அடைத்திருந்தால் அது சிட்டுக்குருவியின் கூடு. அமெரிக்காவில் அதை அகற்றச் சட்டம் தடுப்பதில்லை. மனம் கனக்கும்; ஆனாலும் அகற்றத்தான் வேண்டும். குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு நாள் ஆனபின் திறக்கவே கூடாது. மிரண்டு, பறக்கும் பக்குவம் வருமுன்பே வெளியே குதித்துவிடும்.

வாசலருகே உட்காரக் குச்சி வைக்காதீர்கள். அது சிட்டுக்குருவிக்குத்தான் வசதி. மரத்தில் மாட்டாமல் வழவழப்பான இரும்புக் கம்பத்தில் பொருத்தி, பாம்பும் ரக்கூன் எனும் மரமேறும் விலங்கும் ஏறாதபடி நடுவே தகரத் தடுப்பு போடுங்கள். குஞ்சுகள் பறந்ததும் பழைய கூட்டை எடுத்துவிடுங்கள். அதே கோடையில் இன்னொரு முறையும் முட்டையிடும்.

அமெரிக்காவிலிருந்து கேட்கும் நேயர்களே, பிப்ரவரியிலேயே பெட்டி தயாராகட்டும். ஆண் பறவை அப்போதே இடம் பார்க்கத் தொடங்கிவிடும். வாரந்தோறும் பார்க்க நேரமில்லை என்றால், அந்தப் பெட்டியை நேரமுள்ள அண்டைவீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.