மார் சார்ட்டில் ஒரு காலிக் கட்டம்

வணக்கம். இரவு ஷிப்டை முடித்துவிட்டுத் தூங்காமல் நேரே இங்கே வந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் கேர் ஹோம் நடத்துகிறவர்களும் சரி, அதில் வேலை பார்க்கிறவர்களும் சரி, கேர் ஹோம்களைச் சோதித்து மதிப்பீடு தரும் அமைப்பான சி.க்யூ.சி. என்றாலே பதறுகிறோம். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போல் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியதும் ஃபைலைத் தூசி தட்டுவது, விட்டுப்போன கையெழுத்துகளைத் தேடித் தேடிப் போடுவது, சுவரில் புது போஸ்டர் ஒட்டுவது என்று எல்லாரும் ஓடுகிறார்கள். அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஓட்டத்தால் ஒரு நன்மையும் கிடையாது.

சி.க்யூ.சி. கேட்கும் ஐந்து கேள்விகள் உங்களுக்கு மனப்பாடம். பாதுகாப்பு, பலன், பரிவு, அவரவர் தேவையைக் கவனிப்பது, நிர்வாகம். 2023 கடைசியில் புது மதிப்பீட்டு முறை வந்து இந்த ஐந்துக்கும் கீழே 34 தர வாக்கியங்கள் சேர்ந்தன, அடுத்த வருடமே அரசு கேட்டு டாக்டர் பென்னி டாஷ் தந்த அறிக்கை அந்த முறையைக் கடுமையாகக் குறை சொன்னது. முறை இன்னும் மாறும், மாறட்டும். அதன் அடியில் கேர் ஹோம்கள் சட்டப்படி பின்பற்ற வேண்டிய 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன, நம் அன்றாட வேலை அவற்றோடுதான்.

சரி, மார் சார்ட்டுக்கு, அதாவது யாருக்கு எந்த மருந்தை எப்போது கொடுத்தோம் என்று கையெழுத்திடும் பதிவேட்டுக்கு, வருவோம். காலை எட்டு மணி மாத்திரைக்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது. கொடுத்துவிட்டுக் கையெழுத்தை மறந்திருக்கலாம். கொடுக்காமலே விட்டிருக்கலாம். அல்லது அந்த அம்மா வேண்டாம் என்று மறுத்திருப்பார், அதற்கான குறியீட்டைப் போடாமல் வந்திருப்பார்கள். காகிதத்தில் மூன்றும் ஒரே மாதிரி தெரியும், அவருடைய உடம்புக்கு மூன்றும் வேறு வேறு. பார்த்தவர் முதலில் மாத்திரையை எண்ண வேண்டும். கொடுக்கவில்லை என்று தெரிந்தால் சீனியரிடம் சொல்லி, குடும்ப டாக்டரான ஜி.பி.யையோ பார்மசிஸ்ட்டையோ 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணையோ கேட்க வேண்டும். தானாக முடிவெடுத்து அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. பார்கின்சன் மாத்திரை கொஞ்சம் தள்ளிப் போனாலே ஒருவரால் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போகலாம், அவர் எழ முயன்று விழவும் செய்யலாம். அப்போது காலிக் கட்டம் இடுப்பெலும்பு முறிவில் போய் நிற்கும்.

ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? மறுநாள் யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன், அது பொய்ப் பதிவு. பதிவுகள் சரியாக, முழுமையாக, நடந்த நேரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த 2014 விதிமுறைகளின் 17-ஆம் விதி கேட்பது இதனால்தான்.

மேனேஜர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலிக் கட்டத்தைப் பார்த்ததும் "யார் விட்டது?" என்று தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். மருந்து கொடுக்கிறவரே போனையும் எடுக்கிறாரா, கால் பெல்லுக்கும் ஓடுகிறாரா? மாத ஆடிட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கட்டங்கள் காலியாக இருந்தால், அன்றைக்கு ரோட்டாவில், அதாவது ஷிப்ட் பட்டியலில், யார், எத்தனை பேர், ஏஜென்சி ஆட்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று பாருங்கள். டிக் போட்டு மூடி வைக்கும் ஆடிட் எதையும் கண்டுபிடிக்காது.

வெஸ்ட் சசெக்ஸில் ஆர்கிட் வியூ என்ற இல்லத்தை நினைத்துப் பாருங்கள். 2010-இல் அதற்கு 'நல்லது' என்ற மதிப்பீடு கிடைத்தது, 2011-இல் மூடப்பட்டது. அங்கே இருந்த 19 பேரின் மரணத்தை விசாரித்த கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) 2013-இல் தந்த முடிவில், ஐந்து பேரின் மரணத்தில் புறக்கணிப்புக்குப் பங்கு உண்டு என்றார். ஒரு மூதாட்டிக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அளவுக்கு மேல் போயிருந்தது. மருந்துப் பதிவேடுகளைக் கிழித்துப் போடச் சொன்னார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஒரு பெண் வெளியே வந்து சொன்னார். அவர் பேசியதால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது.

நம் ஆட்கள் அப்படிப் பேசுவார்களா? 2022 பிப்ரவரியில் கேர் வேலைக்கு விசா திறந்த பிறகு தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் எத்தனையோ பேர் கடன் வாங்கி வந்தார்கள். விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியான ஸ்பான்சர் வேலையை விட்டு நீக்கினால் வேறு இடம் தேடப் பொதுவாக 60 நாள்தான். ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். அப்படி வந்த தங்கச்சி எப்படி வாய் திறப்பாள்? அவளுடைய பயம் மாத்திரை ரவுண்டிலும் இருக்கிறது, பெரியவரைத் தூக்கி உட்கார வைக்கும் ஹாயிஸ்ட்டிலும் இருக்கிறது. ட்ரெய்னிங் சர்டிபிகேட்டை ஃபைலில் அடுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. தப்பைச் சொன்னவருடைய ரோட்டா அடுத்த வாரம் குறையாது என்பதை மேனேஜர் நடந்து காட்ட வேண்டும்.

வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்கிறேன். பொதுநலனுக்காக உண்மையை வெளியிடுகிறவரைக் காக்க 1998-லேயே சட்டம் வந்துவிட்டது, விசாவில் இருப்பவருக்கும் அது உண்டு. உள்ளே சொல்லிக் கேட்கவில்லை என்றால் சி.க்யூ.சி.யிடமே நேரடியாகச் சொல்லலாம். எழுத்தில் சொல்லுங்கள், தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவருக்குப் பெரிய காயம் ஏற்பட்டால் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்பது அதே 2014 விதிமுறைகளின் 20-ஆம் விதிப்படி கட்டாயம். வக்கீல் என்ன சொல்வாரோ என்று வாரக்கணக்கில் இழுக்காதீர்கள். மன்னிப்புக் கேட்பதாலேயே பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. மகளுக்குப் போன் போட்டு, நடந்ததையும் இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு, அதையே கடிதமாகவும் அனுப்புங்கள்.

நாளைக் காலை ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு எது சரியாக நடக்கவில்லை என்று கேட்டுவிட்டு, முதல் ஆள் பேசும்வரை காத்திருங்கள்.