ஆய்வு நிறுவனங்களை எதைக்கொண்டு அளப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் அறிவியல் நிறுவனமோ மருத்துவ ஆய்வு நிறுவனமோ ஓராண்டில் என்ன செய்தது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு எண்களே விடையாக வருகின்றன: இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், அவற்றைப் பிற கட்டுரைகள் எடுத்தாண்ட மேற்கோள்கள் இத்தனை. நிதி ஒதுக்குவோரும் தரவரிசை தயாரிப்போரும் இவற்றையே முதலில் பார்க்கிறார்கள். இந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதையும், மருத்துவ ஆய்வைப் பொறுத்தவரை இவற்றின் கண்ணில் படாமலே போவது எது என்பதையும் இன்று பேச விரும்புகிறேன்.

மேற்கோள்களை முறையாகத் தொகுக்கும் யோசனையை 1955-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் முன்வைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட். ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த எந்தெந்தக் கட்டுரைகள் எடுத்தாண்டன என்று தேடிக் கண்டுபிடிக்க ஆய்வாளருக்கு ஒரு கருவி வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அந்தத் தொகுப்பிலிருந்து பிறந்ததுதான் இதழ்களின் தாக்கக் காரணி. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களை, அவ்விரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைத்துவிடும். ஆனால் எந்த இதழிலும் சில கட்டுரைகளே மேற்கோள்களில் பெரும்பங்கை ஈட்டுகின்றன. மற்றவை அந்தச் சராசரிக்குக் கீழேதான் நிற்கின்றன. ஆகவே இதழின் சராசரியை அதில் வந்த ஒவ்வொரு கட்டுரையின் தகுதியாகவும், அங்கிருந்து அதை எழுதியவரின், அவர் பணியாற்றும் நிறுவனத்தின் தகுதியாகவும் ஏற்றிச் சொல்வது கணக்கிலேயே பிழை. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் இதனைக் கைவிட வேண்டும் என்று கோரும் ஒரு பிரகடனத்தை உருவாக்கி, அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். இன்றும் பல நியமனக் குழுக்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை என்பது வருந்தத்தக்கது.

நிறுவனத்தை அளக்கும்போது இன்னொரு கேள்வி எழுகிறது: ஒரு கட்டுரையில் யாருக்கு எவ்வளவு பங்கு? ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து 2015-இல் வெளியான கட்டுரையில் 5,000-க்கும் மேற்பட்டோர் பெயர்கள் உள்ளன. அதில் இடம்பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முழுக் கட்டுரை என்று கணக்கிடுவதா, பங்குபோட்டுப் பின்னமாகக் கணக்கிடுவதா? முறையை மாற்றினால் வரிசையும் மாறிவிடும். துறை வேறுபாடும் இப்படியே. உயிரணு உயிரியலில் மேற்கோள்கள் விரைவாகவும் மிகுதியாகவும் குவிகின்றன. கணிதத்தில் அவை மெல்ல வருகின்றன, குறைவாகவும் இருக்கின்றன. துறைக்கேற்பச் சீர்செய்யாத எந்த ஒப்பீடும் கணித நிறுவனத்துக்கு அநீதி இழைக்கும். 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் தனி ஆய்வாளர்களுக்காக முன்மொழிந்த எச்-குறியீடு (குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் பத்து என்பதுபோல் கணக்கிடுவது) நிறுவனங்களுக்குச் சற்றும் பொருந்தாது. அது பெரிய, பழைய நிறுவனத்தையே உயர்த்திக் காட்டும்.

மேற்கோள் மிகுதி என்பது உண்மைக்குச் சான்றும் ஆகாது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக எண்ணவைத்து 1998-இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை பெருமளவில் மேற்கோள் காட்டப்பட்டது. 2010-இல் அதே இதழ் அதைத் திரும்பப் பெற்றது. மறுப்பதற்காகக் காட்டப்பட்ட மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

இவையெல்லாம் வெளிவந்த கட்டுரைகளைப் பற்றியவை. மருத்துவ ஆய்வில் எனக்குப் பெருங்கவலை தருவது வெளிவராதவையே. 1980-இல், மாரடைப்புக்கு ஆளானவர்களின் சீரற்ற இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்த லோர்கெய்னைடு என்ற மருந்து சோதிக்கப்பட்டது. நூறு பேருக்கும் குறைவான அந்தச் சோதனையில் மருந்து பெற்ற குழுவில் ஒன்பது பேரும், ஒப்பிடுவதற்காக மருந்துப் பொருள் இல்லாத போலி மருந்து பெற்ற குழுவில் ஒருவரும் இறந்தார்கள். அது தற்செயலாக இருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. வேறு வணிகக் காரணங்களால் அந்த மருந்தை உருவாக்கும் பணியும் நின்றுபோனதால் முடிவு அச்சேறவில்லை. 1993-இல்தான் அந்த ஆய்வாளர்கள் அதை வெளியிட்டு, முன்பே வெளியாகியிருந்தால் ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கக்கூடும் என்று எழுதினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் இதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் நோயாளிகளுக்குப் பரவலாகத் தரப்பட்டன. அவற்றுள் இரண்டு உயிரிழப்பை அதிகரிப்பது 1989-இல் ஒரு பெரிய சோதனையில் தெரியவந்தது. கட்டுரைகளை மட்டும் எண்ணும் அளவுகோல் 1980-ஆம் ஆண்டின் அந்தச் சோதனைக்குப் போட்டிருக்கக்கூடிய மதிப்பெண் சுழியம்.

எனவே நான் வற்புறுத்துவது இதுதான். மனிதர்கள் மீது சோதனை நடத்தும் நிறுவனத்தின் ஆய்வுப் பயனை அளக்கும்போது, தொடங்கிய சோதனைகளில் எத்தனையின் முடிவுகள், சாதகமாயினும் பாதகமாயினும், உரிய காலத்தில் பொதுவெளிக்கு வந்தன என்பதை முதலில் கேட்க வேண்டும். இதற்கான தரவு இப்போதே இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2000-இல் திறக்கப்பட்டது. பதிவு செய்யப்படாத புதிய சோதனைகளை வெளியிடுவதில்லை என்ற விதியை முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் கடைப்பிடிக்கின்றன. பாதகமான முடிவுகளும் வெளியிடப்பட வேண்டும் என்று, மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது.

பலனில்லை என்ற முடிவுக்கு என்ன மதிப்பு என்று ஐயுறுவோருக்கு 2020-ஆம் ஆண்டின் ரெக்கவரி சோதனையைச் சுட்டிக்காட்டுவேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த அந்தச் சோதனை, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை ஜூன் மாதம் காட்டியது. அதே மாதம், அதே சோதனை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினால் பயனில்லை என்பதையும் அறிவித்தது. முதல் முடிவு மருத்துவர்களிடம் ஒரு மருந்தைக் கொடுத்தது. இரண்டாவது, பயனற்ற ஒன்றை அவர்கள் கைவிட உதவியது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஆய்வின் பயனே.

இந்த அளவுகோலுக்கும் குறைகள் உண்டு. போதிய பங்கேற்பாளர்கள் கிடைக்காமல் நின்றுபோன சோதனைகளைத் தனியே காட்ட வேண்டும்; இரண்டு மூன்று சோதனைகளே நடத்தும் சிறு நிறுவனத்தின் விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும் என்பதால், அதைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே கணிக்க வேண்டும். அடிப்படை உயிரியல் ஆய்வுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அங்கே கட்டுரைகளைத் துறையறிந்தவர்கள் உட்கார்ந்து படிப்பதற்கு மாற்று இல்லை. ஆனால் மருத்துவச் சோதனை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையில், கட்டுரைப் பட்டியலுக்கு முன்பாக, முடிந்த ஒவ்வொரு சோதனையின் பதிவெண்ணையும், முடிந்த தேதியையும், முடிவு வெளியான தேதியையும் ஒரு பக்கத்தில் அச்சிடலாம். முடிவு வெளியாகாத இடத்தில் அதற்கான காரணத்தை எழுதலாம். பதிவேடுகள் யாவரும் பார்க்கத் திறந்திருப்பதால், அந்தப் பக்கத்தைச் சரிபார்க்க எந்தத் தரவரிசை நிறுவனத்தின் துணையும் எவருக்கும் தேவைப்படாது.

நன்றி, வணக்கம்.